உங்கள் தம்பியிடம் சொல்லிவிட்டேன்

இன்றைக்கு ஆடி 18. காலையில் திருவையாற்றுக்குக் கிளம்பும்போது "நீங்களும் வர்றீங்களா" என்று கேட்டேன். "வெயில்" என்றீர்கள். சரி என்று நான் மட்டும் பஸ் ஏறிப் போய் வந்தேன். புஷ்ய மண்டபத் துறையில் படி கொள்ளாத கூட்டம். காப்பரிசி, காதோலை, கருகமணி எல்லாம் வைத்துக் கும்பிட்டு, பக்கத்தில் நின்ற ஒரு அம்மாவின் கையால் மஞ்சள் கயிறு கட்டிக்கொண்டு வந்தேன். வந்த புடவையோடு இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். நம் வீட்டில் கூடத்துக்கும் அடுக்களைக்கும் பத்தடிதான். அந்தப் பத்தடியைத் தாண்டி ஒரு வருஷமாக வாயால் சொல்ல வராதது எழுதினால் வருமா என்று பார்க்கிறேன். உங்கள் பேரைப் போடவில்லை. தெரிந்தவர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள், அதுவும் தெரிந்துதான் எழுதுகிறேன்.

முதலில் விஷயம். இருபது நாளைக்கு முன்னால் உங்கள் தம்பிக்குப் போன் செய்தேன். போன வருஷம் உங்களுக்கு நடந்தது ஹெர்னியா ஆபரேஷன் இல்லை, புராஸ்டேட்டில் புற்றுநோய், சுரப்பியையே எடுத்துவிட்டார்கள் என்று சொல்லிவிட்டேன்.

எழும்பூரில் உழவன் எக்ஸ்பிரஸை விட்டு இறங்கி ஆட்டோவுக்கு நின்றபோது நீங்கள் கேட்டது மறக்கவில்லை. "யாருக்கும் தெரியக் கூடாது. தம்பிக்கும்தான்." கையில் பெட்டியோடு நின்று தலையாட்டினேன். அந்த வாக்கை மீறினது தப்பு. உங்களைக் கேட்டிருந்தால் கூடாது என்றிருப்பீர்கள், அதற்குப் பயந்துதான் கேட்கவில்லை. ஆகவே தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்ல எனக்கு வழியில்லை.

பிஎஸ்ஏ என்கிற புராஸ்டேட் ரத்தப் பரிசோதனையில் வந்த அந்த 11.4, பன்னிரண்டு இடத்தில் ஊசி போட்டு எடுத்த சதை, நோயின் வீரியம் மூணும் நாலும் ஏழு என்று டாக்டர் பேப்பரில் எழுதிக் காட்டியது, எலும்புக்குப் போகவில்லை என்று தெரிந்த அன்று நீங்கள் இரண்டு இட்லி கூடுதலாகச் சாப்பிட்டது, இதையெல்லாம் உங்களுக்கே திருப்பிச் சொல்லப் போவதில்லை. தியேட்டர் கதவு மூடிய பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியாது. நாலு மணி நேரம் என்றார்கள். ஐந்தரை ஆனது. அன்றைக்கும் ஆடி 18. ஊரில் எல்லாரும் ஆற்றங்கரையில் இருக்கிற நேரம், நான் ஏசி ஹாலில் நாற்காலியில். ஆற்றில் வைத்துக் கும்பிட வேண்டிய கயிறு கைப்பைக்குள் மஞ்சள் கிழங்கோடு கிடந்தது. பன்னிரண்டு மணிக்குப் பெண்கள் கழிப்பறைக்குப் போய், குழாயைத் திறந்து, ஓடுகிற தண்ணீரில் அதை நனைத்து நானே கட்டிக்கொண்டேன். அதுவும் காவிரித் தண்ணீர்தான் என்று பெரியவள் பிறகு சொன்னாள், சென்னைக்கு வீராணத்திலிருந்து வருகிறதாம். அவளும் அழுதிருந்தாள்.

சாயங்காலம் உள்ளே கூப்பிட்டபோது வேறு யாரையோ காட்டுகிறார்கள் என்று நினைத்தேன். ரோபோ ஆபரேஷனுக்குத் தலையைத் தாழ்த்திக் காலை உயர்த்திப் பல மணி நேரம் படுக்கவைப்பார்களாம். அதில் முகமெல்லாம் நீர் கோத்து, கண் இடுங்கிப் போயிருந்தது. நான் உங்கள் காலைத்தான் பார்த்தேன். சைக்கிள் செயினில் போன அந்த இடது பெருவிரல் நகம். அதைப் பார்த்த பிறகுதான் உங்கள் கையைத் தொட்டேன்.

ஐந்தாம் நாள் ராத்திரியைப் பற்றிப் பேச வேண்டும். நாம் இரண்டு பேரும் இன்றுவரை பேசியதில்லை.

பெரியவள் வீட்டில் பால்கனியை ஒட்டிய அந்தச் சின்ன அறை. நீங்கள் கட்டிலில், நான் கீழே பாயில். டியூப் வழியாக மூத்திரம் சேர்கிற பிளாஸ்டிக் பை கட்டில் சட்டத்தில், என் தலைமாட்டுக்கு நேராகத் தொங்கும். பை எப்போதும் படுக்கையைவிடத் தாழ்வாக இருக்க வேண்டும் என்று நர்ஸ் சொல்லியிருந்தாள். மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை எழுந்து, அடியில் இருக்கிற திருகைத் திறந்து மக்கில் பிடித்து, அளவு பார்த்து, பேத்தியின் கட்டம் போட்ட நோட்டில் எழுதுவேன். 350. 400. லேசாக ரோஸ். அடுத்தது தெளிவு. அந்த நோட்டை இன்னும் வைத்திருக்கிறேன்.

அன்றைக்கு அசதி என்னை அடித்துப் போட்டுவிட்டது. முதுகில் ஈரம் பட்டு விழித்தேன். பாய் நனைந்திருந்தது. விளக்கைப் போட்டால் நீங்கள் தரையில் உட்கார்ந்திருக்கிறீர்கள். ஒரு கை கட்டில் காலைப் பிடித்திருக்கிறது. இன்னொரு கையால், உங்கள் தோள் துண்டால், தரையைத் துடைத்துக்கொண்டிருக்கிறீர்கள். திருகைத் திறந்தவருக்கு மூடத் தெரியவில்லை. டியூப் தொடையில் ஒட்டிய பிளாஸ்திரி வரைக்கும் விறைப்பாக இழுபட்டு நின்றது.

நான் கத்தினேன். "அறிவிருக்கா? எழுப்ப வாயில்லையா? டியூப் பிச்சுக்கிட்டு வந்தா யார் பதில் சொல்றது?" பக்கத்து அறையில் சுவிட்ச் போடும் சத்தம் கேட்டது. மாப்பிள்ளை எழுந்துவிட்டார். அது உங்கள் காதிலும் விழுந்தது. துண்டைப் பிழிய இடம் தெரியாமல் கையில் வைத்துக்கொண்டு, "நீ தூங்கிட்டிருந்தே" என்றீர்கள்.

கல்யாணமாகி முப்பத்தாறு வருஷத்தில் நீங்கள் தரை துடைத்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். அதற்குத்தான் கத்தினேன். என்னை மன்னிக்க வேண்டும். பையையும் தையலையும் கண்டு பயந்து கத்தினேன் என்பது நிஜம். உடம்புக்குள்ளே மூத்திரப் பையையும் மூத்திரக் குழாயையும் சேர்த்துத் தைத்திருக்கிறது, அது ஆறும்வரை டியூப்தான் காவல், இழுபட்டால் தையல் விட்டுவிடும் என்று டிஸ்சார்ஜ் அன்று என்னிடம்தானே சொல்லி அனுப்பினார்கள். ஐந்து ராத்திரியாகத் தூக்கமும் இல்லை. பயம் வந்தால் எனக்குக் குரல்தான் ஏறும், அழுகை வராது. ஆனாலும் மாப்பிள்ளை காதில் விழுகிற மாதிரி கத்தியிருக்கக் கூடாது. வெந்நீர் வைத்து உங்களைத் துடைத்துவிட்டபோது சுவரைப் பார்த்தே இருந்தீர்கள். மறுநாள் முழுக்க ஒரு வார்த்தை பேசவில்லை. அன்று ராத்திரியிலிருந்து மட்டும், பை நிரம்பினால் கட்டில் சட்டத்தை விரல் முட்டியால் இரண்டு தட்டு தட்டுவீர்கள். டொக் டொக். டியூப் எடுக்கிற வரைக்கும் அந்தச் சத்தத்துக்குத்தான் எழுந்தேன்.

2009-இல் என் கருப்பையை எடுத்தார்களே, அது எத்தனை பேருக்குத் தெரியும்? உங்கள் ஆபீஸ் முழுக்கத் தெரியும். பால்காரருக்குத் தெரியும். உங்கள் சித்தி கூடத்தில் உட்கார்ந்துகொண்டு, எடுத்த பிறகு பொம்பளைக்கு என்ன இருக்கு என்று கேட்டார்கள், நீங்கள் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. சாயங்காலம் ஃபிளாஸ்க்கோடு ஆஸ்பத்திரிக்கு வந்து ஏழு மணி பஸ்ஸுக்குக் கிளம்பிவிடுவீர்கள். ராத்திரி என்னோடு இருந்தது என் அம்மா. என் உடம்பு ஊர்க்கதை, உங்கள் உடம்பு ரகசியமா? அந்த ரகசியத்தையும் நான்தானே தூக்கிக்கொண்டு அலைந்தேன். டயபர் வாங்க நம் தெருக் கடைக்குப் போகக் கூடாது என்றீர்கள். பழைய பஸ் ஸ்டாண்டு தாண்டிப் போய் வாங்கினேன். மூன்றாவது பாக்கெட்டுக்கு அந்தக் கடைப் பையன், "வீட்ல அம்மா படுக்கையில இருக்காங்களா?" என்றான். ஆமாம் என்றேன். எனக்காக அந்த வார்டில் பதினோரு ராத்திரி தரையில் படுத்தவள், போய்ச் சேர்ந்து எட்டு வருஷம் ஆகிவிட்டது. உங்களுக்காக அவளைப் படுக்கையில் போட்டேன். திரும்பி வரும் வழியெல்லாம் நெஞ்சு அடைத்தது.

இதை உங்களிடம் அப்போதே சொல்லியிருக்கலாம். நீங்கள் அன்றைக்குத்தான் முதன்முதலாக வாசல் வரைக்கும் நனையாமல் நடந்து வந்தீர்கள். எப்படிச் சொல்வேன்?

அந்த நடையை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன், தெரியுமா? காற்றை அடக்குகிற மாதிரி இறுக்கி, பத்து எண்ணி, விட வேண்டும் என்று பிசியோதெரபிப் பெண் சொல்லிக் கொடுத்ததை ஒரு வேளை விட்டதில்லை நீங்கள். செய்தி பார்த்துக்கொண்டே செய்வீர்கள். பெரிய கோயில் பிரகாரத்தில் உட்கார்ந்து கோபுரத்தைப் பார்ப்பது போல் செய்வீர்கள். உதடு லேசாகக் குவியும், அதிலிருந்து எனக்குத் தெரியும், நானும் உள்ளுக்குள் எண்ணுவேன். முதல் வாரம் ஒரு நாளைக்கு ஆறு டயபர். தீபாவளிக்கு மூன்று. பொங்கலுக்கு ஒன்று. இப்போது வெளியூர் போனால் மட்டும் ஒரு பேட். ஆறு வாரம் கழித்து எடுத்த பிஎஸ்ஏ 0.02. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை எடுத்ததிலும் ஏறவில்லை. ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு ஒவ்வொரு தடவையும் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு "காபி போடு" என்பீர்கள். அந்தக் காபிக்கு நான் என்றைக்கும் சலித்ததில்லை.

தம்பி விஷயத்துக்கு வருகிறேன். டாக்டர் நம் இரண்டு பேரிடமும்தான் கேட்டார், அப்பாவுக்கோ கூடப் பிறந்தவருக்கோ இருந்ததா என்று. இல்லை என்றீர்கள். நான் உங்கள் அப்பாவை நினைத்துக்கொண்டேன். 1997. திண்ணையில் கயிற்றுக் கட்டில். இடுப்பு வலி, வாயு என்று எண்ணெய் போட்டு உருவினோம். கடைசியில் மூத்திரம் அடைத்து அவருக்கும் டியூப்தான் போட்டார்கள். எலும்புக்குப் பரவினால் முதலில் இடுப்பும் முதுகும்தான் வலிக்குமாம். மாமாவுக்கு இருந்தது இதுதானா என்று இனிமேல் யாராலும் சொல்ல முடியாது. அவர் பெற்ற பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டாமா? அப்பாவுக்கோ அண்ணன் தம்பிக்கோ இருந்தால் மற்றவருக்கு வருகிற வாய்ப்பு ஏறக்குறைய இரண்டு மடங்கு என்று அந்த அறையிலேயே சொன்னார்கள். தம்பிக்கு 57 ஆகிறது. உங்களுக்கும் வலியோ எரிச்சலோ ஒன்றும் இல்லையே, ஒரு ரத்தப் பரிசோதனையில்தானே தெரிந்தது. ஒரு வருஷம் இதை வயிற்றில் வைத்துக்கொண்டு, அவர் வீட்டு விசேஷத்துக்குப் போய்ப் பாயசம் சாப்பிட்டு வந்தேன். இனி முடியாது என்று தோன்றிவிட்டது. நம் பையனுக்கு 31தான், இருந்தாலும் நாற்பதைத் தாண்டியதும் அவனும் பார்த்துக்கொள்ள வேண்டும். அவனிடம் நீங்கள் சொல்வீர்கள் என்று விட்டிருக்கிறேன்.

தம்பி ரொம்ப நேரம் பேசவே இல்லை. அப்புறம், "அண்ணன் ஏன் அண்ணி எங்கிட்ட சொல்லல?" என்றார். எனக்குப் பதில் தெரியவில்லை.

மறுநாளே ரத்தம் கொடுத்திருக்கிறார். பிஎஸ்ஏ 5.8. எண் ஏறினாலே புற்றுநோய் இல்லை, வயதில் வருகிற சாதாரண வீக்கத்துக்கும் கிருமித் தொற்றுக்கும்கூட ஏறும் என்றுதான் அவருக்கும் சொல்லியிருக்கிறார்கள். வியாழக்கிழமை எம்ஆர்ஐ. நாளை சாயங்காலம் உங்களைப் பார்க்க வருகிறார். ஓரகத்தி வரவில்லை, அவர் மட்டும். எழுந்து கொல்லைப் பக்கம் போய்விடாதீர்கள். அவருக்குக் கேட்க நிறைய இருக்கும், கேட்கக் கூச்சமாகவும் இருக்கும். டியூப் எப்படி இருந்தது, எத்தனை நாள், அதை எடுக்கிறபோது வலித்ததா என்று நீங்கள் சொன்னால்தான் அவருக்குத் தைரியம் வரும். நான் சொன்னால் வராது.

இன்னொன்று. டியூப் எடுத்து ஊருக்கு வந்ததும் கட்டிலைக் கூடத்துக்கு இழுத்துப் போட்டுக்கொண்டீர்கள். ராத்திரி நனைந்தால் உனக்குச் சிரமம் என்றீர்கள். நனைவது நின்று ஆறு மாதம் ஆகிறது. நரம்பை ஒரு பக்கம்தான் காப்பாற்ற முடிந்தது என்றும், சரியாக ஒன்றரை இரண்டு வருஷம்கூட ஆகலாம் என்றும் டாக்டர் சொன்னபோது நானும் பக்கத்து நாற்காலியில்தான் இருந்தேன். பீரோவில் துணிக்கு அடியில் இருக்கிற மாத்திரையையும் பார்த்தேன். இதற்கு மேல் இங்கே எழுத மாட்டேன், மாப்பிள்ளை படிப்பார், உங்கள் தங்கை படிப்பாள். நான் உங்களிடம் எதையும் கேட்டதில்லை, இப்போதும் கேட்கவில்லை. சில ராத்திரி அந்த டொக் டொக் காதில் விழுந்து எழுந்து உட்கார்ந்துவிடுகிறேன். அறையில் கட்டில் இருந்த இடம் வெறுமனே கிடக்கிறது.

தேக்குக் கட்டில், என்னால் தனியாக நகர்த்த முடியாது. ஆறு வாரத்துக்கு எடை தூக்கக் கூடாது என்றார்கள், ஒரு வருஷம் ஆகிவிட்டது. நாளை தம்பி போன பிறகு ஒரு பக்கம் நீங்கள் பிடியுங்கள்.