மலையில் ஓடும் வண்டிக்கு ஹீட்டர் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

குன்னூரில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் இயற்பியல் கற்பித்து ஓய்வுபெற்றவன் நான். 1999ஆம் ஆண்டு வாங்கிய சிறிய பெட்ரோல் காரை இன்றும் நானே ஓட்டுகிறேன். ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறிவரும் பழைய வண்டிகளில், ஒரு கையால் முன்கண்ணாடியைத் துடைத்தபடியே ஓட்டுபவர்களைத் தினமும் பார்க்கிறேன். அவர்களுக்காகவும் அந்த வண்டிகளைப் பழுதுபார்ப்பவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன்.

போன ஆண்டு இதே மழையில், கோவையில் மகள் வீட்டுக்குப் போய்விட்டு நானும் மனைவியும் மாலையில் திரும்பிக்கொண்டிருந்தோம். பர்லியாறு தாண்டியதும் அவர், "என்னங்க, வண்டிக்குள் பாகு காய்ச்சுகிற வாசம் வருகிறதே" என்றார். நான் காதில் வாங்கவில்லை. சற்று நேரத்தில், காலடி விரிப்பு சொதசொதவென்று இருப்பதாகச் சொன்னார். ஏ.சி. தண்ணீராக இருக்கும் என்றேன். அன்று ஏ.சி. போடவே இல்லை என்பது எனக்கு உறைக்கவில்லை. காட்டேரிக்கு முன்பே கண்ணாடியின் உட்புறம் மங்கத் தொடங்கியது. துடைத்தால் போகவில்லை. எண்ணெய்த் தட்டைப் பழந்துணியால் தேய்த்ததுபோல் இழுசிக்கொண்டது. எதிர் வளைவில் ஒரு பஸ் திரும்பி, அதன் விளக்கு எங்கள்மேல் பட்டதும், கண்ணாடி முழுவதும் பால் ஊற்றியதுபோல் வெளுத்துவிட்டது. சாலை எங்கே முடிகிறது, பள்ளம் எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. அந்த ஓட்டுநர் பஸ்ஸை நிறுத்தி விளக்கைத் தாழ்த்தினார். அவர் யாரென்று எனக்குத் தெரியாது. இந்தக் கடிதத்தை அவர் படித்தால் என் நன்றியை ஏற்றுக்கொள்ள வேண்டும்.

மறுநாள் பார்த்த மெக்கானிக், ஹீட்டர் காயில் ஒழுகுகிறது என்றார். எஞ்சினைக் குளிரவைக்க அதைச் சுற்றிவரும் சுடுநீரில் (கூலண்ட் என்ற திரவம் கலந்த நீர்) ஒரு பகுதி, இரண்டு ரப்பர் ஓஸ்கள் வழியாக டேஷ்போர்டுக்குப் பின்னால் உள்ள ஒரு குட்டி ரேடியேட்டருக்குப் போய்த் திரும்புகிறது. அதன் ஊடாக ஃபேன் காற்றைத் தள்ளினால் வெப்பக் காற்று வரும். அந்தக் குட்டி ரேடியேட்டரைத்தான் நம் பக்கத்தில் ஹீட்டர் காயில் என்கிறோம். அதில் ஊசிமுனை அளவு துளை விழுந்தால் போதும், கூலண்ட் ஆவியாகிக் காற்றோடு வந்து கண்ணாடியில் படலமாக ஒட்டிக்கொள்ளும். பாகு வாசமும் அதனுடையதுதான்.

அவர் முதலில் ரேடியேட்டரில் மஞ்சள்தூள் போட்டார். லாரிக்காரர்கள் காலங்காலமாகச் செய்வதுதான் என்றார். பத்து நாள் ஒழுகல் நின்றது, பிறகு முன்னிலும் மோசமானது. அடுத்து, "பைபாஸ் போட்டுவிடலாம் சார், நம் ஊரில் ஹீட்டர் யார் போடுகிறார்கள்?" என்று சொல்லி, காயிலுக்குப் போகும் இரண்டு ஓஸ்களையும் கழற்றி ஒரு குழாய்த் துண்டால் ஒன்றோடொன்று இணைத்துவிட்டார். இருபது நிமிட வேலை, இருநூறு ரூபாய். மதுரையிலோ திருச்சியிலோ ஓடும் வண்டிக்கு அது போதுமானதாக இருக்கலாம். குன்னூரிலும் அதையே செய்கிறார்கள் என்பதுதான் என் ஆற்றாமை.

கண்ணாடியில் ஈரம் படியாமல் இருக்க இரண்டு வழிகள்தான் உண்டு. உள்ளே இருக்கும் காற்றின் ஈரத்தைக் குறைக்க வேண்டும், அல்லது கண்ணாடியைச் சூடாக்க வேண்டும். ஏ.சி. முதல் வேலையைச் செய்யும், ஹீட்டர் இரண்டாவதைச் செய்யும். இரண்டையும் சேர்த்துப் போட்டு, வெளிக்காற்று உள்ளே வருமாறு வைத்தால் சில நிமிடங்களில் கண்ணாடி தெளிந்துவிடும். ஏ.சி.யும் ஹீட்டரும் ஒன்றாகப் போடக்கூடாது என்று நம்புகிறவர்கள் பலர். அப்படி எந்தத் தடையும் இல்லை. ஏ.சி. மட்டும் போட்டால், மூடுபனி நாளில் கண்ணாடி குளிர்ந்து வெளிப்புறத்தில் ஈரம் படியும். ஊட்டியை அடுத்த தலைகுந்தா பக்கம் உறைபனி விழும் மார்கழி விடியலில் பெரும்பாலான வண்டிகளில் ஏ.சி. கம்ப்ரசர் ஓடவே ஓடாது.

ஏற்றத்தில் இன்னொரு பயன் உண்டு. எஞ்சின் சூடேறி முள் சிவப்பை நெருங்கும்போது ஏ.சி.யை அணைத்துவிட்டு ஹீட்டரை முழுவதும் திறந்தால், சூட்டின் ஒரு பகுதி அந்த வழியாக வெளியேறும். வண்டியை நிறுத்த இடம் கிடைக்கும் வரை அது கைகொடுக்கும். பைபாஸ் போட்ட வண்டியில் அந்த வழி அடைபட்டுவிடுகிறது.

ஒழுகலை அப்படியே விட்டு ஓட்டினால் அதனினும் கெடுதல். கடல்மட்டத்தில் 100 டிகிரியில் கொதிக்கும் தண்ணீர், 1,850 மீட்டர் உயரமுள்ள குன்னூரில் சுமார் 94 டிகிரியிலேயே கொதித்துவிடும். ஊட்டியில் 93கூட வேண்டாம். எஞ்சின் வேலை செய்யும் சூடோ ஏறக்குறைய 90 டிகிரி, ஏற்றத்தில் அதையும் தாண்டும். ரேடியேட்டர் மூடி உள்ளே அழுத்தத்தைக் கட்டி வைத்திருப்பதால்தான் நீர் கொதிக்காமல் இருக்கிறது. எங்காவது துளை விழுந்தால் அந்த அழுத்தம் நிற்காது. குக்கரில் வாஷர் போனால் என்ன ஆகும் என்பது வீட்டில் சமைக்கிற எல்லோருக்கும் தெரியும்.

கடைசியில் கோவையில் ஒரு பட்டறையில் புதுக் காயில் மாற்றினேன். காயில் 1,800 ரூபாய், கூலி 3,500 ரூபாய், ஒன்றரை நாள் வேலை. கூலி அதிகம் என்று எனக்குத் தோன்றவில்லை. டேஷ்போர்டு முழுவதையும் கழற்றினார்கள். ஒவ்வொரு ஒயர் முனையிலும் காகித ஒட்டில் எண் எழுதி, திருகுகளை வரிசை மாறாமல் முட்டை அட்டையில் போட்டு வைத்திருந்தார் அந்த இளைஞர். ஓஸ்களை அவர் முறுக்கி இழுக்கவில்லை, பிளேடால் நீளவாக்கில் கீறி உரித்து எடுத்தார். முறுக்கினால் காயிலின் மெல்லிய குழாய் வளைந்து ஒடியுமாம். பழைய ஓஸையும் கிளிப்பையும் திரும்பப் போடவும் மறுத்துவிட்டார். கூலண்ட் ஊற்றியபின் ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து எஞ்சினை ஓடவிட்டு, காற்றுக் குமிழி வருவது நின்று ரேடியேட்டர் ஃபேன் சுற்றும் வரை காத்திருந்தார். குமிழி உள்ளே தங்கினால் புதுக் காயிலும் சூடேறாது.

பழைய கூலண்டை வாளியில் பிடித்தபோது ஒரு தெருநாய் வாளியை மோந்து பார்க்க வந்தது. அவர் பாய்ந்து போய் மூடினார். கூலண்டில் உள்ள எத்திலீன் கிளைகால் என்ற வேதிப்பொருள் தித்திப்பானது, நஞ்சு. நாய்க்கும் பூனைக்கும் சிறிதளவே போதும், சிறுநீரகம் போய்விடும். நம் பட்டறைகளில் அதைச் சாக்கடையில் ஊற்றுகிறார்கள். இங்கே சாக்கடை போய்ச் சேருவது ஓடையில்தான்.

கழற்றிய காயிலைப் பார்த்தபோது எனக்கு மனம் கசந்தது. உள்ளே வெள்ளையாக உப்புப் படிந்து, அதன்மேல் மஞ்சள்தூள் சேறாக இறுகியிருந்தது. அலுமினியம் சில இடங்களில் காகிதம்போல் மெலிந்திருந்தது. குற்றம் காயிலுடையதல்ல. பல ஆண்டுகளாக நீர்மட்டம் குறையும்போதெல்லாம் கல்லாற்றுக் கடைகளில் வாளித் தண்ணீரை வாங்கி ஊற்றியவன் நான்தான். கூலண்டில் இருக்கும் துருத்தடுப்பு மருந்து ஒவ்வொரு வாளிக்கும் நீர்த்துப்போனது. உப்புத் தண்ணீர் உலோகத்தைத் தின்பதைப் பள்ளியில் பாடமாக நடத்தியவன், சொந்த வண்டியில் அதை நினைக்கத் தவறிவிட்டேன்.

ஆகவே இந்த மலைக்கு வருபவர்களை வேண்டிக் கேட்கிறேன். காலடி விரிப்பு நனைந்திருந்தால் வெள்ளைத் துணியால் ஒற்றிப் பாருங்கள். நிறமோ வாசமோ இல்லாவிட்டால் ஏ.சி. வடிகால் அடைப்பாக இருக்கலாம். பச்சையோ சிவப்போ ஒட்டி, விரலில் பிசுபிசுத்தால் அது காயில். கூலண்ட் அளவு குறைந்தால், எஞ்சின் ஆறியபின், கூலண்டோ வாலைவடிநீர் (டிஸ்டில்டு வாட்டர்) கலந்த கூலண்டோ ஊற்றுங்கள்.

அரசுக்கும் ஒரு வேண்டுகோள். 15 ஆண்டு கடந்த கார்களுக்குப் பதிவைப் புதுப்பிக்கும்போது பிரேக்கும் விளக்கும் பார்க்கிறார்கள். நீலகிரியில் ஓடும் வண்டிகளுக்கு, முன்கண்ணாடிக்கு வெப்பக் காற்று வருகிறதா என்று கைவைத்துப் பார்க்க ஒரு நிமிடம்கூட ஆகாது. 2024 மே மாதம் முதல் வெளியூர் வண்டிகள் இ-பாஸ் எடுத்துத்தான் வருகின்றன. அந்த இ-பாஸ் தரும் இணையப் பக்கத்திலேயே கூலண்டையும் ஹீட்டரையும் சரிபார்க்கச் சொல்லி ஒரு வரி சேர்க்கலாம். இரண்டாம் கியரில் இறங்கச் சொல்லும் பலகைகள் இருக்கும் சாலைக்கு இது பொருந்தாத அறிவுரை அல்ல.

அந்தப் பழைய காயிலை நடுவே அறுத்து வைத்திருக்கிறேன். டாக்ஸி நிலையத்திலோ ஐ.டி.ஐ. மாணவர்களிடமோ காட்ட வேண்டும் என்று யாரேனும் விரும்பினால், இந்த நாளிதழ் வழியாகத் தெரிவியுங்கள். நானே எடுத்து வருகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர்,
குன்னூர்.