ஃபோனை எடுக்காத உனக்கு

அன்புத் தோழிக்கு,

உன் பெயர் போடவில்லை. ஊர், கிளப் எதுவும் வராது. நம்மைத் தெரிந்தவர்கள் பாதி படிக்கும்போதே கண்டுபிடித்துவிடுவார்கள், அதற்கு நான் என்ன செய்யட்டும்? நீ ஃபோனை எடுத்திருந்தால் இதை ஊரறிய எழுத வேண்டிய அவசியமே வந்திருக்காது.

இன்று செப்டம்பர் 28. அமெரிக்க டென்னிஸ் வீராங்கனை அல்தியா கிப்சன் கண்ணை மூடிய நாள். வருஷா வருஷம் இன்று காலையில் உன்னிடமிருந்து அந்தப் படம் வரும்: 1957 விம்பிள்டன், எலிசபெத் ராணி பக்கத்தில் நிற்க, கையில் வெள்ளித்தட்டோடு அல்தியா. இந்த வருஷம் வரவில்லை. மதியம் வரைக்கும் பார்த்துவிட்டுத்தான் எழுத உட்கார்ந்தேன்.

ராணி, நியூயார்க் ஊர்வலம், 11 கிராண்ட்ஸ்லாம் பட்டங்கள், இதெல்லாம் நான் உனக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. எனக்கே நீ சொல்லித்தான் தெரியும். நீ பேசவே விரும்பாத பாகம் ஒன்று உண்டு. அதைப் பற்றிச் சொல்கிறேன்.

அதற்கு முன்னால் அந்த மழை நாள். மண் கோர்ட் முழுக்கத் தண்ணீர். உன்னிடம் டென்னிஸ் படிக்க வந்த பிள்ளைகளைத் தகரக் கொட்டகைக்குள் நெருக்கி உட்காரவைத்துவிட்டு, நீ மட்டும் வாசலில் நின்றாய். ராக்கெட் நரம்புகளை நகத்தால் ஒவ்வொன்றாக நேர் செய்துகொண்டே கதையை ஆரம்பித்தாய். 1950, ஃபாரஸ்ட் ஹில்ஸ். அமெரிக்கச் சாம்பியன்ஷிப்பில் ஒரு கறுப்பினப் பெண் ஆட வருவது அதுதான் முதல் தடவை. வயது 23. எதிரே அந்த வருஷ விம்பிள்டன் சாம்பியன் லூயிஸ் ப்ராஃப். முதல் செட் 1-6 போயிற்று, இரண்டாவது 6-3 வந்தது, மூன்றாவதில் 7-6 முன்னிலை, இன்னும் ஒரு கேம் எடுத்தால் ஜெயிப்பு. அப்போதுதான் புயல் மழை. இடி விழுந்து ஸ்டேடியத்தின் உச்சியில் இருந்த கல் கழுகு பெயர்ந்து கீழே வந்துவிட்டது. ஆட்டம் மறுநாளைக்குத் தள்ளிப்போனது.

"ராத்திரி முழுக்க உங்க கையில 7-6 இருக்கு. என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டாய். எல்லாரும் சர்வீஸ், வாலி என்று ஏதேதோ சொன்னார்கள். கடைசி வரிசையில் இருந்த சின்னது மட்டும், "எங்கம்மா பக்கத்துல படுத்துக்குவேன் மிஸ்" என்றது. நீ சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் நரம்பையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அது சரியான பதில்" என்றாய்.

மறுநாள் மூன்று கேம் வரிசையாகப் போய் 7-9. அந்த இடைவெளிதான் தன்னைக் கெடுத்தது, ஒரு ராத்திரி முழுக்க யோசிக்க விட்டுவிட்டது என்று அல்தியாவே பின்னால் எழுதினார். தனியாக உட்கார்ந்து யோசிப்பது ஆளை என்ன செய்யும் என்று பிள்ளைகளுக்கு அவ்வளவு தெளிவாகச் சொல்லிக் கொடுத்தவள் நீ. இப்போது நீயே கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாயே, எந்த நியாயத்தில்?

அன்றைக்கு நீ சொல்லாமல் விட்ட கதைக்கு வருகிறேன். 1990களின் நடுப்பகுதி, நியூ ஜெர்சியில் ஈஸ்ட் ஆரஞ்ச். பக்கவாதம் வந்து, வாடகைக்கும் மருந்துக்கும் வழியில்லாமல் கிடந்த அல்தியா, ஏஞ்சலா பக்ஸ்டனுக்கு ஃபோன் செய்தார். இதற்கு மேல் உயிரோடு இருக்கப் போவதில்லை என்று சொல்ல. 1956இல் சேர்ந்து ஆடி பிரெஞ்சு, விம்பிள்டன் இரட்டையர் பட்டங்களை வாங்கிய ஜோடி. ஒருத்தி கறுப்பினப் பெண், ஒருத்தி யூதப் பெண். இரண்டு பேரையும் ஒதுக்கிவைத்த கிளப்புகள் எத்தனையோ. நட்பு வேர்விட்டது நம் இந்தியாவில் ஆட வந்த சமயத்தில். இதை நீதான் பெருமையாகச் சொல்வாய்.

ஏஞ்சலா அதோடு அழுதுவிட்டுப் போகவில்லை. அல்தியாவிடம் ஒரு வார்த்தை கேட்காமல், டென்னிஸ் பத்திரிகை ஒன்றில் அவர் நிலைமையைச் சொல்லி ஒரு கடிதம் வரச் செய்தார். உலகம் முழுக்க இருந்து ஏறக்குறைய 10 லட்சம் டாலர் வந்து சேர்ந்தது. அதற்குப் பிறகு 2003 வரை அல்தியா இருந்தார்.

"கேக்காம செஞ்சது தப்பு, அவங்க மானம் என்ன ஆச்சு" என்று ஒரு தடவை என்னிடம் சண்டைக்கு வந்தாய். என்ன மானம், சொல்லு. அந்தக் காலத்தில் பரிசுப் பணமே கிடையாது. ராணி கை குலுக்கிய பிறகும் பிழைப்புக்காகக் கூடைப்பந்து ஆட்டங்களுக்கு முன்னால் காட்சி ஆட்டம் ஆடினார், பாட்டுப் பாடினார், கோல்ஃப் ஆடப் போனார். மகுடத்தைச் சாப்பிட முடியாது என்று எழுதினவரே அவர்தான். இதில் வெட்கப்பட வேண்டியவர்கள் ஆடவைத்துக் கூட்டம் சேர்த்தவர்கள். அவர் ஏன் வெட்கப்பட வேண்டும்?

ஆரம்பத்தையும் நீ மறந்துவிட்டாய். நியூயார்க்கின் ஹார்லெமில் காஸ்மோபாலிட்டன் டென்னிஸ் கிளப் ஆட்கள் காசு சேர்த்துக் கட்டித்தான் ஒற்றைக் கைப் பயிற்சியாளர் ஃபிரெட் ஜான்சனிடம் அந்தப் பெண் பாடம் படித்தாள். வில்மிங்டனில் டாக்டர் ஈட்டன் வீட்டுச் சோறு, லிஞ்ச்பர்க்கில் இன்னொரு ஜான்சன், டாக்டர் ஜான்சன் வீட்டுக் கோர்ட். ஃபாரஸ்ட் ஹில்ஸ் கதவு திறந்ததும் முன்னாள் சாம்பியன் ஆலிஸ் மார்பிள் பத்திரிகையில் சூடாக ஒரு கடிதம் எழுதிய பிறகுதான். ஊர் கூடி இழுத்த தேர் அது. அவர் கடைசிக் காலத்தில் மட்டும் ஊர் கை வைக்கக்கூடாதா?

நீயும் எத்தனை பிள்ளைகளிடம் ஃபீஸ் வாங்காமல் சொல்லிக் கொடுத்தாய்! அந்தக் கணக்கை இங்கே எழுத மாட்டேன், அவர்களும் இதைப் படிப்பார்கள். உன் உடம்பைப் பற்றியும் எழுத மாட்டேன். கோர்ட்டை யார் எப்படிப் பிடுங்கினார்கள் என்பதைப் பற்றியும் இப்போது வேண்டாம்.

ஆனால் ஒன்று செய்துவிட்டேன். உன் பழைய பிள்ளைகளிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டேன், உன்னிடம் கேட்காமல். மன்னித்துக்கொள். இல்லை, மன்னிக்காவிட்டாலும் பரவாயில்லை. ஆள் அனுப்பினேன், மெசேஜ் போட்டேன், உன் தம்பியிடம் சொன்னேன். வேறு எந்த வாசலை நீ திறந்துவைத்தாய்? இத்தனை வருஷம் நெட்டில் நின்ற என் முதுகுக்குப் பின்னால் பேஸ்லைனைப் பார்த்துக்கொண்டவள் நீ. "விடு, என்னுது" என்று கத்துவாயே, அந்தக் குரலை நம்பித்தான் நான் முன்னால் போனேன். இப்போது வாயே திறக்காமல் இருப்பது எனக்குச் செய்கிற துரோகம், அதையும் சொல்லிவிடுகிறேன்.

பிள்ளைகள் தருவதை நீ வாங்கித்தான் ஆக வேண்டும். மருந்துக் கடைப் பாக்கி நேற்றே தீர்ந்துவிட்டது, அதைப் பற்றிச் சண்டை போடாதே. இன்று ராத்திரி ஒன்பது மணிக்குக் கூப்பிடுவேன். எடுக்கவில்லை என்றால் ஞாயிற்றுக்கிழமை நேரில் வருகிறேன், அந்தக் கடைசி வரிசைச் சின்னதையும் கூட்டிக்கொண்டு. இப்போது அது டாக்டர்.

உன்
டபுள்ஸ் ஜோடி