ஆண்டறிக்கை: ஆட்டம் ஒரு பக்கம், சொல் ஒரு பக்கம்

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

மலாக்காவில் நம் சொல்வட்டம் மாதம் ஒரு முறை கூட வேண்டும் என்பது விதி. இந்த ஆண்டு 9 முறைதான் கூடினோம். இரண்டு மாதம் மழை, ஒரு மாதம் செயலாளரின் சோம்பல்.

போர்த்துகீசியர் விட்டுச் சென்ற சொற்களில் ஆட்டம் பாட்டம் சார்ந்தவற்றை மட்டும் பார்ப்பது என்று சென்ற பொதுக்கூட்டத்தில் முடிவானது. மேசை, அலமாரி, ஏலம் எல்லாம் நமக்கும் மலாய்க்காரர்களுக்கும் ஒரே கப்பலில் வந்த சரக்கு. அதைத் திரும்பப் பேச வேண்டாமே என்றுதான்.

அதிக நேரத்தை விழுங்கியது ‘டான்சா’. இந்தோனேசியாவில் ஜோடி சேர்ந்து ஆடும் மேல்நாட்டு ஆட்டத்துக்கு இதுதான் பெயர். பாலித் தீவின் லேகோங் ஆட்டத்தை யாரும் டான்சா என்று சொல்வதில்லை, அது ‘தாரி’. மூத்த உறுப்பினர் ஒருவர் எழுந்து, இது டச்சுக்காரர்களின் ‘டான்ஸ்’ என்றார். 1641-ல் மலாக்காவைப் பிடித்தவர்களும் ஜாவாவை நெடுங்காலம் ஆண்டவர்களும் அவர்கள்தானே என்பது அவர் வாதம். நியாயம்தான். ஆனால் கடைசியில் நிற்கும் அந்த ‘ஆ’ டச்சில் இல்லை, போர்த்துகீசியத்தில் இருக்கிறது. 1975 வரை போர்த்துகீசியர் ஆண்ட கிழக்குத் திமோரின் தேத்தும் மொழியிலும் டான்சாதான். அங்கே வட்டமாகக் கைகோத்து ஆடும் சொந்த ஆட்டத்தின் பெயர் மட்டும் ‘தெபே’ என்றே இருக்கிறது. அவர் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. தேநீர் மட்டும் குடித்தார்.

விழாவைக் குறிக்கும் ‘ஃபெஸ்டா’ மலாய் வாயில் ‘பெஸ்தா’ ஆனது, நரம்பு வாத்தியமான ‘வியோலா’ ‘பியோலா’ ஆனது. இதில் சண்டை இல்லை.

ஜூன் கடைசியில் சான் பெட்ரோ திருவிழாவுக்கு உஜோங் பாசிர் போர்த்துகீசியர் குடியிருப்புக்குப் போனோம். அலங்கரித்த மீன்பிடிப் படகுகளைப் பார்த்துவிட்டு, இரவு ‘பிராஞோ’ ஆட்டத்துக்கு உட்கார்ந்தோம். ஆணும் பெண்ணும் எதிரெதிரே முன்னே வந்து பின்னே போகிறார்கள், தொடுவதில்லை. ஆடிய பெரியவர் ஒருவரின் சப்பாத்து அடி பிய்ந்து, ஒவ்வொரு எட்டுக்கும் டப் டப் என்றது. சப்பாத்தும் அவர்கள் சொல்தானே என்று பக்கத்தில் ஒருவர் காதைக் கடித்தார். மலாய்க்காரர்களின் ஜோகெட் ஆட்டத்திலும் இதே எட்டுதான், இதே பியோலாதான். ஆனால் ‘ஜோகெட்’ என்ற சொல்லில் போர்த்துகீசிய வாடையே கிடையாது. இந்தோனேசியாவில் சொல் ஒட்டிக்கொண்டது, இங்கே ஆட்டம் ஒட்டிக்கொண்டது. இந்த ஆண்டு நாம் கண்டது இவ்வளவுதான். எனக்கு இதுவே போதும் என்று படுகிறது. இலங்கையின் பைலா ஆட்டம் பாட்டத்துக்கு ஒரு கூட்டம் ஒதுக்கியிருந்தோம், அது மழையில் போனது.

கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார். அப்புறம், இரவல் வாங்கிய நாற்காலிகளில் இரண்டு இன்னும் திரும்பிப் போகவில்லை. யார் வீட்டில் இருந்தாலும் இந்த வாரத்துக்குள் சேர்ப்பித்துவிடவும்.

அறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்