மாப்ள, அந்த மரப்பெட்டி பத்தி கேட்டியே

மாப்ள,

எப்படிடா இருக்க. உன் மெசேஜ் எல்லாம் மொத்தமா சேந்து கிடந்துச்சு, இப்பதான் உக்காந்து ஒழுங்கா படிச்சேன். அம்மாவுக்கு கண் ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சதுன்னு போட்டிருந்தியே, அதுவே பெரிய நிம்மதி. பட்டறைய மெயின் ரோட்டுக்கு மாத்துனதும் நல்ல வேலைதான், லோடு வண்டி உள்ள வர முடியாம அந்த சந்துக்குள்ள நீ பட்ட பாடு எனக்குத் தெரியாதா. பழைய செட்டிநாட்டு வீடு இடிக்கிற எடத்துல பர்மா தேக்கு உத்தரம் ஏலம் எடுத்து வந்து இழைச்சுப் பாத்தா உள்ள புதுசு மாதிரி வாசம் அடிக்குதுன்னு எழுதியிருந்த பாரு, அத ரெண்டு தடவ படிச்சேன்டா.

இங்க பெருசா ஒண்ணும் இல்ல. டொரான்டோல இந்த வருஷம் பனி வெளுத்து வாங்குது, பையன் பத்தாவது வந்துட்டான், என்னைய விட உயரம், தமிழ்ல கேட்டா இங்கிலீஷ்ல பதில் சொல்றான். வேலை ஓடுது. சிகரெட்ட விட்டது விட்டதுதான், திரும்பத் தொடல, உன் தங்கச்சி கூட இப்ப நம்ப ஆரம்பிச்சுட்டா.

சரி பெட்டிக்கு வரேன். போட்டோல என் கையில இருந்தத ஜூம் பண்ணிப் பாத்துட்டு நீ முதல்ல கேட்டது ரெண்டே கேள்வி, அது என்ன மரம், மூடி எப்படி திரும்புது. அது கஞ்சாவ எரிக்காம சூடு பண்ணி ஆவியா இழுக்கற பெட்டி, ஆனா அத பத்தின கேள்வியெல்லாம் உனக்கு அப்புறம்தான், பட்டறைக்காரன் புத்தி போகுமா. மரம் மேப்பிள். செஞ்சது அமெரிக்கால சான் டியாகோல, கம்பெனி பேரு மேஜிக் ஃப்ளைட், பெட்டி பேரு லாஞ்ச் பாக்ஸ். வால்நட்லயும் செர்ரிலயும் கூட பண்ணிருக்காங்க, வால்நட் பாக்க இன்னும் அழகு, நல்ல காப்பித்தூள் கலர், ஆனா எனக்கு மேப்பிள்தான் பிடிச்சுது, ஒரு காரணம் இங்க கனடாக் கொடியிலயே அந்த எலைதானே இருக்கு, இன்னொரு காரணம் அது கெட்டி மரம், நீ கையில எடுத்தா ஒத்துக்குவ, தேக்க விட கடினம், உளி போட்டா தெறிக்கும்.

சைஸ் தீப்பெட்டிய விட கொஞ்சம் பெருசு, அவ்ளோதான். ஒரே கட்டை, ஒட்டு கிடையாது, நடுவுல குடைஞ்சிருக்கு. குடைஞ்ச பள்ளத்துல ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பி வலை, ரொம்ப நைஸ் வலை, வாய்க்கால் மாதிரி வளைச்சு வச்சிருக்கான். மேல கண்ணாடி மாதிரி தெளிவான அக்ரிலிக் மூடி, ஒரு மூலையில சின்ன ஊசி, அந்த ஊசிய அச்சா வச்சு மூடி பக்கவாட்டுல நகரும், கீல் கிடையாது ஸ்க்ரூ கிடையாது. ஒரு பக்கம் உறிஞ்சுற ஓட்டை, வேணும்னா அதுல சின்ன கண்ணாடிக் குழாய் சொருகிக்கலாம். இன்னொரு பக்கம் ஒரு ஏஏ பேட்டரி போற ஓட்டை. சுவிட்ச்சும் இல்ல டிஸ்ப்ளேயும் இல்ல. பெட்டிக்குப் பின்பக்கம் அன்பு பத்தி ஒரு வரி பொறிச்சிருக்கான், அத செஞ்ச ஆளுக்கு தத்துவத்துல பைத்தியமாம், அத விடு.

வேலை செய்யறது இப்படித்தான். மூடிய நகத்தி, பொடி பண்ணின கஞ்சாவ அந்த வலைல கொஞ்சூண்டு பரப்பணும், கிராம்ல பத்துல ஒரு பங்கு கூட வேண்டாம். மூடிய மூடி, பேட்டரிய கட்டை விரலால உள்ள தள்ளிப் பிடிக்கணும். தள்ளினா கரண்ட் நேரா அந்த வலை வழியா ஓடும், வலையே சூடாகும், அதாவது நம்ம ஊர் அயர்ன் பாக்ஸ் காயில் வேலையும் பொடி வைக்கிற தட்டு வேலையும் ரெண்டையும் அந்த ஒரு வலையே பாத்துக்குது. நாலஞ்சு செகண்ட் பொறுத்து மெதுவா இழுக்கணும். விரல எடுத்தா பேட்டரி விலகி சூடு நிக்கும். சாதாரண கடையில வாங்குற அல்கலைன் செல் இதுக்கு ஆகாது, அந்த வேகத்துல கரண்ட் குடுக்காது, ரீசார்ஜ் பண்ற நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு தான் போடணும், ஒரு புள்ளி ரெண்டு வோல்ட்.

இதுல ரசனை எங்கன்னா, சூடு எவ்ளோங்கறத தீர்மானிக்கிறது உன் விரலும் உன் மூச்சும்தான்டா. எலையில இருக்கற சமாச்சாரம் ஆவியா கிளம்புறது 160 டிகிரிக்கு மேல, ஒரு 220 தாண்டி 230 பக்கம் போனா எலையே கருக ஆரம்பிச்சுரும், அப்புறம் அது புகைதான், பெட்டி வாங்கினதே வேஸ்ட். அந்த நடுவுல நிக்கணும். வேகமா இழுத்தா குளிர் காத்து உள்ள போயி வலை ஆறிடும், ஒண்ணும் வராது. ரொம்ப மெதுவா இழுத்து விரலையும் எடுக்காம வச்சா மூடி வழியா பாக்கும்போதே வலை லேசா செவக்கும், அப்ப விரல எடுத்துரணும். அப்பப்ப பெட்டிய சின்னதா ஒரு குலுக்கு, அடியில இருந்தது மேல வர்றதுக்கு. முதல்ல கொத்தமல்லி விதை வறுத்தாப்ல ஒரு வாசம் வரும், பச்சை கலர் கொஞ்சம் கொஞ்சமா காப்பித்தூள் கலருக்கு வந்ததும் முடிஞ்சுது, தட்டி எடுத்துட்டு சின்ன பிரஷ்ஷால வலைய துடைச்சு வச்சுரலாம். இங்க என் ஆபீஸ்ல ஒருத்தன் இதே வேலைக்கு ஒரு எலக்ட்ரானிக் கருவி வச்சிருக்கான், பட்டன் அமுக்குனா வைப்ரேட் ஆகி போன்ல ஆப்ல டெம்பரேச்சர் காட்டுது, சார்ஜ் போச்சுன்னா அவன் முகத்தப் பாக்கணுமே. எனக்கு அது சரிப்படாது. நீ இழைப்புளிய பிடிக்கும்போது எவ்ளோ அமுக்கறதுன்னு மீட்டர் பாத்தா அமுக்குற.

ஆனா குளிர்காலத்துல இது படுத்தும். என் பில்டிங்ல பால்கனில எந்தப் புகையும் ஆவியும் கூடாதுன்னு ரூல், அதனால கீழ இறங்கி நடந்துதான் போவேன், ஒன்டாரியோல சிகரெட் குடிக்க அனுமதி உள்ள எடத்துல இதுவும் ஓகே, சின்னப் பசங்க விளையாடற எடத்துல இருந்து 20 மீட்டர் தள்ளி நிக்கணும். மைனஸ் பதினஞ்சுல பேட்டரிக்கு உயிரே இருக்காது, அதனால ஜாக்கெட் உள் பாக்கெட்ல உடம்புச் சூட்டுல வச்சு கொண்டு போவேன், கையுறையோட பேட்டரிய பிடிக்கவும் முடியாது, விரல் வெறச்சுப் போயி வலை சூடாயிருச்சா இல்லையான்னே தெரியாது, அப்படிப்பட்ட ராத்திரியில எனக்கே சிரிப்பு வரும்.

ஏன் மரம்னு கேட்டா, பதில் உனக்கே தெரியும், மரம் சூட்ட கடத்தாது. உள்ள வலை தகிக்கும்போது வெளிய கையில வெதுவெதுன்னு கூட தெரியாது. இன்னொண்ணு, பழகப் பழக மாறுது. பேட்டரி பக்கம் கட்டை விரல் படற எடம் மட்டும் தேன் கலருக்கு வந்துருச்சு, அந்த ஓரத்துல முனை மழுங்கி என் விரலுக்குன்னே செதுக்கின மாதிரி ஆயிருச்சு, உறிஞ்சற ஓட்டையச் சுத்தி ஒரு கருப்பு வளையம். அத நான் உப்புத்தாள் போட்டுத் தேய்க்கல, அப்பப்ப தேன்மெழுகு தொட்டுத் துணியால துடைக்கிறதோட சரி. வார்னிஷ் மட்டும் பூசிராதன்னு நீ சொல்லுவேன்னு தெரியும், பூசல, சூடாகுற பொருள்ல வார்னிஷ் எதுக்கு.

இதுலயே வேற ரகமும் இருக்குடா, உனக்காகவே சொல்றேன். ஸ்டிக்கி பிரிக்னு ஒண்ணு, அதுவும் அமெரிக்கா, மரமும் கண்ணாடியும் தான், பேட்டரியே கிடையாது, டார்ச் லைட்டர் ஜுவாலைய ஓரத்துல காட்டி இழுத்தா சூடான காத்து எலை வழியா போகும். சுவிட்சர்லாந்துல வேப்மேன்னு ஒண்ணு, கைக்குள்ள மறைஞ்சு போற சைஸ், ஒரு சின்ன உலோகக் கிண்ணத்த அடியில இருந்து லைட்டரால சூடு பண்ணணும், மரம் கருகாம இருக்க நடுவுல மைக்கா தகடு. அத படத்துல பாத்தே நான் மயங்கிட்டேன். வாங்கல, வாங்கினா உன் தங்கச்சி என்னையும் பெட்டியையும் சேத்து வெளிய வச்சுருவா.

நீ கேட்ட பெரிய கேள்வி, இந்தப் பெட்டிய தேக்குல பண்ணலாமா, ஈட்டி மரத்துல பண்ணலாமா. பண்ணக் கூடாதுன்னுதான் நான் சொல்லுவேன். சூடான காத்து மரத்த ஒட்டி நெஞ்சுக்குள்ள போற சமாச்சாரம் இது. தேக்குல எண்ணெய்ச் சத்து ஜாஸ்தி, கரையான் வராம இருக்கறதுக்கு காரணமே அந்த மாதிரி சரக்கு உள்ள இருக்கறதுதான், அறுக்கும்போது தூள் பட்டு உனக்கே எத்தன தடவ கை அரிச்சிருக்கு. ஈட்டி அத விட மோசம், அந்த ஜாதி மரத்துல எல்லாம் தோல் அலர்ஜி குடுக்கற பொருள் இருக்கு, அதோட ஏற்றுமதி தொந்தரவு வேற, 2017ல இருந்து ஈட்டி வகையறா மொத்தமும் சைட்டிஸ்ங்கற சர்வதேச வியாபார ஒப்பந்தப் பட்டியல்ல கட்டுப்பாட்டுக்குள்ள வந்துருச்சு. அதனால அழகா இருக்குங்கறதுக்காக அத வாய்கிட்ட கொண்டு வராத. மேப்பிள், வால்நட், செர்ரி மாதிரி வாசம் கம்மியா பிசின் கம்மியா உள்ள மரத்தத்தான் இதுக்கு நம்பலாம்.

உடம்புக்கு நல்லதான்னு கேட்டிருந்த. நல்லதுன்னு நான் சொல்ல மாட்டேன்டா, நுரையீரலுக்கு நல்லது சுத்தமான காத்து மட்டும்தான். ஆனா எரிச்சுக் குடிக்கிறதுக்கும் இதுக்கும் வித்தியாசம் இருக்கு. 2007ல சான் பிரான்சிஸ்கோல 18 பேர வச்சு பாத்தாங்க, அது வேற பெரிய மெஷின், வால்கனோன்னு பேரு, ரத்தத்துல ஏறின போதை ஏறக்குறைய ஒண்ணுதான், ஆனா மூச்சுல வர்ற கார்பன் மோனாக்சைடு புகைய விட ரொம்ப கம்மி. எரியாததால அது, மாயம் ஒண்ணும் இல்ல. அதே சமயம் 2018ல அமெரிக்கால ஜான்ஸ் ஹாப்கின்ஸ் யுனிவர்சிட்டில பாத்தது என்னன்னா, எப்பவாவது தொடற ஆளுகளுக்கு அதே அளவ ஆவியா குடுத்தா புகைய விட தூக்கலா ஏறுது, எலையில இருக்கற போதைச் சரக்கு 25 மில்லிகிராம்லயே ரெண்டு பேருக்கு வாந்தி. அதனால ஆவிதானே லேசா இருக்கேன்னு கூட ஒரு இழுப்பு இழுக்கற வேலையே கூடாது. நான் வெள்ளிக்கிழமை ராத்திரி ஒரு வலை, அதோட மூட்டை கட்டிருவேன், மறுநாள் வண்டி எடுக்கணும் இல்ல. பெட்டிய பையன் கை படாத எடத்துல பூட்டித்தான் வைக்கிறேன், அவன்கிட்ட மறைக்கல, பத்தொம்பது வயசுக்கு முன்னாடி இங்க சட்டப்படியே கிடையாது, அத சொல்லியாச்சு.

2019ல அமெரிக்கால வேப், அதான் ஆவியா இழுக்கற கருவி, அத குடிச்சு ஆளுங்க செத்தாங்களேன்னு கேட்ட. ஆமா, 2020 பிப்ரவரி வரைக்கும் 68 பேர், ஆஸ்பத்திரில சேந்தவங்க 2,800க்கு மேல. அது பெரும்பாலும் கஞ்சா எண்ணெய் நெறச்ச கேட்ரிட்ஜ் அடிச்சவங்க, முக்கியமா கள்ளத்தனமா விக்கிற சரக்குல வைட்டமின் ஈ அசிட்டேட் கலந்திருந்துச்சு, அது நுரையீரல்ல போய் படிஞ்சுது. என் பெட்டியில எண்ணெயே கிடையாது, காஞ்ச எலை மட்டும்தான். ரெண்டுக்கும் வேப்னே பேரு இருக்கறதால எல்லாரும் ஒண்ணுன்னு நெனச்சுக்கறாங்க.

அப்புறம், வரும்போது ஒண்ணு வாங்கிட்டு வாடான்னு கடைசியா போட்டிருந்தியே, அது நடக்காது மாப்ள, கோச்சுக்காத. இங்க கனடால 2018 அக்டோபர் 17ல இருந்து கஞ்சா சட்டப்படி ஓகே, பெரிய ஆளு 30 கிராம் வரைக்கும் வெளிய கையில வச்சுக்கலாம், கடையில வரிசையா லேபிள் ஒட்டி பில் போட்டுத் தர்றான். நம்ம நாட்டுல கஞ்சாவுக்கு 1985ல போட்ட போதைப்பொருள் சட்டம் இருக்கு, அது போக வெறும் பெட்டியக் கூட கொண்டு வர முடியாது, 2019ல போட்ட இ-சிகரெட் தடைச் சட்டத்துல பேட்டரில சூடு பண்ணி ஆவி இழுக்கற எந்தக் கருவியா இருந்தாலும், நிகோடின் இருந்தாலும் இல்லாட்டியும், எல்லாத்தையும் வளைச்சுப் போட்டுட்டான். இறக்குமதி பண்ணினா முதல் தடவைக்கே ஒரு வருஷம் வரைக்கும் ஜெயிலு இல்ல ஒரு லட்சம் வரைக்கும் அபராதம், ரெண்டும் சேந்தும் வரலாம். அழகான மரப்பெட்டி சார்னு ஏர்போர்ட்ல சொன்னா கேப்பானா. இங்க இருந்து அமெரிக்காவுக்கு காரு ஓட்டிப் போறப்பவே நான் பெட்டிய வீட்டுல வச்சுட்டுத்தான் போவேன், அந்தப் பக்கம் மத்திய சட்டத்துல இன்னும் தப்புதான், பார்டர்ல வாயத் தொறந்து ஒத்துக்கிட்டா உள்ள விடாம திருப்பி அனுப்பினாலும் அனுப்பிருவான். கலிஃபோர்னியால எச்1பி வேலை விசால இருக்கான் பாரு நம்ம காலேஜ் நெட்டை, அவன் ஊர் முழுக்க கடை இருந்தும் விசா பயத்துல அந்தத் தெரு பக்கமே போறதில்ல.

அதனால நான் அனுப்பறதுக்குப் பதிலா நீ எனக்கு ஒண்ணு அனுப்பு. இந்தப் பெட்டிய வைக்கறதுக்கு ஒரு பெட்டி. இதுல சூடும் இல்ல மூச்சும் இல்ல, அதனால தேக்கு போடலாம், அந்த பர்மா தேக்கு உத்தரத்துல வெட்டி விழற துண்டு போதும். உள்ள மூணு பள்ளம் வேணும், ஒண்ணு பெட்டிக்கு, ஒண்ணு ரெண்டு பேட்டரிக்கு, ஒண்ணு கண்ணாடிக் குழாய்க்கும் பிரஷ்ஷுக்கும். மூடி நழுவல் மூடியா இருக்கட்டும், உங்க அப்பா ஐந்தறைப் பெட்டிக்கு போடுவாரே அந்த காடி வெட்டுற டைப், கீல் வேண்டாம். பேட்டரி பள்ளம் மட்டும் ஒண்ணுக்கொண்ணு தனித்தனியா தடுத்துரு, முனை ரெண்டும் ஒண்ணா பட்டா சூடாயிரும். அளவெல்லாம் கட்டம் போட்ட பேப்பர்ல வரைஞ்சு நாளைக்கு போட்டோ அனுப்பறேன், மில்லிமீட்டர்லதான் இருக்கும், நூல் கணக்குக்கு நீயே மாத்திக்க. ஏப்ரல்ல என் மச்சினிச்சி ஊர்ல இருந்து கிளம்பறா, அவகிட்ட குடுத்து விட்டுரு. காசு எவ்ளோன்னு சொல்லாம இருந்தா எனக்கு கெட்ட கோவம் வரும்.

அம்மாவ கேட்டதா சொல்லு. சொட்டு மருந்த நேரத்துக்கு விடச் சொல்லு.

உன் மச்சான்