பதினான்கு வயதுக்காரிக்கு ஒரு நாவல்

அன்புள்ள மலர்,

நலம்தானே? பெர்த்தில் குளிர் விட்டதா? இங்கே சிங்கப்பூரில் எல்லாரும் சுகம். அம்மாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை. ஜூரோங் அக்கா மறுபடியும் கோபத்தில் இருக்கிறார், யார் மேல் என்று உனக்கே தெரியும். மற்ற சேதியெல்லாம் அப்புறம். என் பெரிய மகள் கேட்ட ஒரு கேள்வி மனதைக் குடைந்துகொண்டே இருக்கிறது, அதை உன்னிடம்தான் சொல்ல முடியும்.

ஆஞ்சி தாமஸ் எழுதிய 'தி ஹேட் யூ கிவ்' நாவலைத் தோழியிடம் வாங்கிவந்து படித்தாள். 2017இல் வந்தது. ஸ்டார் என்ற பதினாறு வயதுக் கறுப்பினப் பெண்ணின் கதை. வீடு கறுப்பின மக்களின் ஏழைப் பேட்டையில், படிப்பு வெள்ளைக்காரப் பிள்ளைகள் நிறைந்த தனியார் பள்ளியில். கூட வளர்ந்த நண்பனைப் போலீஸ்காரர் சுட்டுக் கொல்வதைக் கண்ணெதிரே பார்க்கிறாள். எல்லாரும் அந்தச் சாவைப் பற்றித்தான் பேசுவார்கள். என் மகள் மனதில் ஒட்டிக்கொண்டது வேறு. பள்ளிக்குள் போனதும் ஸ்டார் தன் பேச்சையே மாற்றிக்கொள்வாள். கொச்சை வராது, கோபத்தைக் காட்ட மாட்டாள். "அம்மா, நானும் இப்படித்தான் செய்றேன்" என்றாள் இவள்.

கேட்டால் ஒவ்வொன்றாக வருகிறது. வகுப்பில் ஒரு பேச்சு. சென்னையிலிருந்து புதிதாக வந்த பிள்ளைகளிடம் வேறு பேச்சு, அவர்கள் இவள் தமிழைக் கேட்டுச் சிரிப்பதால். "லீவுக்கு இந்தியாவுக்குத் திரும்பிப் போவியா?" என்று ஒருத்தி கேட்டாளாம். செம்பவாங் கப்பல் தளத்தில் வேலை பார்த்த கொள்ளுத்தாத்தா காலத்திலிருந்து இங்கே இருக்கிறோம், மலர். எங்கே திரும்பிப் போவது?

அப்புறம் நான் ஜீன் லுவென் யாங்கின் 'அமெரிக்கன் பார்ன் சைனீஸ்' வாங்கிக் கொடுத்தேன். 2006இல் வந்து, அடுத்த ஆண்டே இளையோர் நூல்களுக்கான பிரின்ட்ஸ் விருது வாங்கியது; அந்த விருதை வாங்கிய முதல் சித்திர நாவல் அதுதான். ஜின் என்ற பையன் புதுப் பள்ளியில் சேர்கிறான். சீனாவிலிருந்து வந்தவன் என்று ஆசிரியை அறிமுகப்படுத்துகிறார். அவன் வந்ததோ சான் ஃபிரான்சிஸ்கோவிலிருந்து! வெள்ளைக்காரப் பையன் மாதிரி ஆக வேண்டும் என்று பிறகு தலைமுடியைச் சுருட்டிக்கொள்கிறான். இவள் படித்துவிட்டுப் பக்கத்து இருக்கைச் சீனத் தோழிக்குக் கொடுத்தாள். அந்தப் பெண் இங்கே பெரும்பான்மையாகவே வளர்ந்தவள். தன்னைப் போன்ற முகமுள்ள ஒருவன் வகுப்பில் ஒற்றையாக நிற்பதைப் படித்துவிட்டு, "உனக்கும் இங்கே இப்படித்தான் இருக்கா?" என்று கேட்டாளாம். இத்தனை வருடம் ஒன்றாகப் படித்தும் கேட்காத கேள்வி. பள்ளியில் இன நல்லிணக்க நாளுக்குப் புடவை கட்டிப் படம் எடுத்துக்கொண்டபோதும் கேட்டதில்லை.

அன்று இரவுதான் இவள் என்னிடம் கேட்டாள்: "நம்மைப் பத்தி இப்படித் தமிழில் எதாவது இருக்காம்மா?"

நூலகத்தில் தேடினோம். சிறுவர் கதைகள் இருந்தன, பெரியவர்களுக்கான நாவல்கள் இருந்தன. அவள் வயதுக்கு எங்கள் கையில் அகப்பட்டவை குறைவு. அவற்றிலும் பிள்ளைகள் பாடப்புத்தகம் மாதிரியே பேசினார்கள், கடைசியில் ஒரு பெரியவர் வந்து புத்தி சொன்னார். ஸ்டாரின் அப்பாவும் நிறையப் பேசுகிறார். ஆனால் வெளியே வந்து சாட்சி சொல்வதா வேண்டாமா என்பது அவள் முடிவு. என் பயம் இதுதான்: மனதைத் தொடுவதையெல்லாம் ஆங்கிலத்தில் படித்துக்கொண்டு, தமிழைத் தேர்வுக்கு மட்டும் வைத்துக்கொள்கிறாள்.

அதனால் நீ எழுது. பேச்சுக்குச் சொல்லவில்லை. நாம் சந்தித்த உமறுப் புலவர் தமிழ் மொழி நிலையத்தை வைத்தே எழுதேன். பள்ளி விட்டதும் கூட்டாளிகள் எல்லாம் பந்து விளையாடப் போவார்கள், நாம் மட்டும் பஸ் ஏறித் தமிழ் படிக்க வருவோம். பல பள்ளிப் பிள்ளைகள், ஒரே வகுப்பில் எத்தனை நிறச் சீருடை! பள்ளியில் நாம் 'இந்தியர்', அவ்வளவுதான். இங்கே வந்து உட்கார்ந்ததும் யார் வீட்டில் தமிழ் பேசுகிறார்கள், யார் அப்பா என்ன வேலை, யார் நிறம் எப்படி என்று ஆரம்பிக்கும். நீ அந்தச் சண்டைகளை ஒன்றுவிடாமல் ஞாபகம் வைத்திருப்பவள்.

அமெரிக்க நாவலைப் பார்த்துத் துப்பாக்கி, போராட்டம் என்று போய்விடாதே. இங்கே காயம் சிரிப்போடு வரும். "ஐயோ, சும்மா விளையாட்டுக்குத்தான் லா" என்பார்கள், நாமும் கூடச் சிரிப்போம். வீட்டுக்கு வந்து யாரிடமும் சொல்ல மாட்டோம். அதை எழுது. பிள்ளைகள் எப்படிப் பேசுகிறார்களோ அப்படியே பேசட்டும், மலாயும் ஆங்கிலமும் கலந்து. யாராவது முகம் சுளித்தால் சுளிக்கட்டும். உன் மகனுக்கும் அங்கே இதே தொல்லை இருக்கும், கேட்டுப் பார், அவனும் சொல்வான்.

வேலை, வீடு என்று காரணம் சொல்லாதேடி. பதினைந்து வயதில் கணக்கு வகுப்பில் ஒளித்து வைத்துக் கதை எழுதியவள் நீ. டிசம்பரில் வரும்போது முதல் அத்தியாயத்தைக் கொண்டு வா. முதலில் பெரியவள் படிப்பாள், அப்புறம்தான் நான். பிடிக்கவில்லை என்றால் முகத்துக்கு நேரே சொல்லிவிடுவாள், அதற்கும் தயாராக வா.

அண்ணனுக்கு என் வணக்கம். ஜூரோங் அக்காவுக்கு ஒரு போன் போட்டுவிடு, அடுத்த கோபம் உன்மேல்தான்.

அன்புடன்,
கயல்