பூனைக்கும் எலிக்கும் பேச்சு எதற்கு?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். டாம் அண்ட் ஜெர்ரி குறும்படங்களை அண்மையில் ஒரு தொலைக்காட்சியில் தமிழ்ப் பேச்சும் இடைவிடாத வர்ணனையும் சேர்த்து ஒளிபரப்பியதைப் பேரனுடன் பார்த்து வருந்தினேன்.

வில்லியம் ஹன்னாவும் ஜோசப் பார்பராவும் 1940இல் தொடங்கிய இத்தொடரில் பூனையும் எலியும் பேசுவது மிக அரிது. ஸ்காட் பிராட்லியின் இசைதான் அவற்றுக்கு மொழி. 1947இல் வெளியாகி ஆஸ்கார் விருதும் பெற்ற 'தி கேட் கான்செர்டோ'வில், இசையமைப்பாளர் லிஸ்டின் 'ஹங்கேரியன் ராப்சடி' என்ற இசைப்படைப்பை டாம் மிடுக்காகப் பியானோவில் வாசிக்க, உள்ளே உறங்கிக்கொண்டிருந்த ஜெர்ரி விழித்தெழுந்து, பியானோ கட்டைகள் இருந்த இடத்தில் எலிப்பொறியையே வைத்து டாமின் விரலைச் சிக்கவைக்கும் காட்சியில், எலிப்பொறியில் பூனை மாட்டுகிறது என்பதை யாரும் சொல்லாமலே நாம் புரிந்துகொள்வதில்தான் சிரிப்பு பிறக்கிறது. அவ்விடத்தில் ஒருவர் "ஐயோ, மாட்டிக்கிட்டேனே" என்று கத்தினால் இசையும் கேட்பதில்லை, சிரிப்பும் வருவதில்லை.

பாம்பன் கரையில் வலைகளைக் கடித்துக் குதறும் எலிகளால் நொந்த எங்களுக்கு ஜெர்ரியின் மீது பரிவு வருவதே வியப்பு. (மீன் ஏலம் நடக்குமிடத்தில் வயிறு நிறையத் தின்னும் எங்கள் ஊர்ப் பூனைகளோ எலியைத் திரும்பியும் பார்ப்பதில்லை.) எழுதப் படிக்கத் தெரியாத என் தாயாரும் பள்ளி செல்லாத குழந்தையும் ஒன்றாய் அமர்ந்து ரசித்த இப்படங்களை, மூல இசையோடு மட்டும் ஒளிபரப்பத் தொலைக்காட்சி நிறுவனங்கள் முன்வர வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
பாம்பன், இராமநாதபுரம் மாவட்டம்.