ஹூஸ்டனிலிருந்து செல்விக்கு

அன்புள்ள செல்வி,

தீபாவளிக்கு நீ அனுப்பிய குரல் செய்தியைப் பொங்கல் கழித்துக் கேட்டவள் நான். திட்டித் தீர்த்துவிடு. உன் மகள் நர்சிங் சேர்ந்ததில் மகிழ்ச்சி, உன் முழங்கால் வலிக்கு வருத்தம், லோகா டீச்சர் இன்னும் அப்படியேதான் இருக்கிறார் என்றாயே, அதற்கு இரண்டும்.

சின்னவன் விஷயத்தில்தான் மூழ்கிக் கிடந்தேன். எட்டு வயது முடிந்தும் அவனுக்கு வாசிக்க வரவில்லை. முதல் வகுப்பிலேயே டீச்சரிடம் கேட்டேன். "வீட்டில் இரண்டு மொழி, அந்தக் குழப்பம்தான். கொஞ்ச நாள் இங்கிலீஷ் மட்டும் பேசிப் பாருங்கள்" என்றார், ரொம்ப அன்பாக. பள்ளியில் சேர்க்கும்போது வீட்டு மொழி என்னவென்று ஒரு படிவம் தருவார்கள். நான்தான் பெருமையாகத் 'தமிழ்' என்று நிரப்பியிருந்தேன். அன்றிலிருந்து அவன் தடுக்கி விழுந்தாலும் காரணம் தமிழ்தான்.

நிறுத்திவிட்டோம், செல்வி. ஏழு மாதம். அத்தையையும் விடவில்லை. 'கம்', 'ஈட்' என்ற இரண்டு வார்த்தையை வைத்துக்கொண்டு பேரனோடு காலம் தள்ளினார். "நாய்க்குட்டியக் கூப்பிடுத மாதிரில்லா இருக்கு" என்று ஒரு நாள் சொன்னார். அதற்கப்புறம் பேச்சே குறைந்துபோனது. அப்போது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. இப்போது நினைத்தால் தூக்கம் வருவதில்லை.

வழி காட்டியது பியர்லாந்து மீனாட்சி கோவில் பிரசாத வரிசையில் நின்ற ஒரு அம்மா. "வாயால கேட்டீங்களா, எழுதிக் கேட்டீங்களா?" என்றார். வாயால்தான், ஒன்றரை வருஷமாக. வாயால் கேட்டால் இங்கே நாள் கணக்கு ஆரம்பிக்காதாம். 'என் பிள்ளையைப் பரிசோதியுங்கள்' என்று எழுதிக் கொடுத்தால் 15 பள்ளி நாளுக்குள் பதில் தரவேண்டும். நாம் சம்மதக் கையெழுத்துப் போட்டால் 45 பள்ளி நாளுக்குள் அறிக்கை, அதிலிருந்து 30 நாளுக்குள் 'ஏஆர்டி' கூட்டம். பிள்ளைக்கு என்ன தனி உதவி என்று பள்ளியும் பெற்றோரும் உட்கார்ந்து முடிவு செய்யும் கூட்டம். மற்ற மாநிலங்களில் 'ஐஇபி மீட்டிங்' என்பதற்கு டெக்சஸ்காரர்கள் வைத்த பெயர் அது. தாலுகா ஆபீஸ் மனுவைப் பற்றி நீயும் நானும் அடித்த கிண்டலெல்லாம் ஞாபகம் வந்தது. ஒரு தாள் எழுதி, தேதி போட்டு, நகல் எடுத்துக்கொண்டு கொடுத்தேன்.

முதலில் '504' தருகிறோம் என்றார்கள். மாற்றுத்திறனாளிகளுக்கான 1973-ஆம் வருஷச் சட்டத்தின் பிரிவு எண் அது. எங்களுக்குச் சொன்ன திட்டத்தில் பரீட்சைக்குக் கூடுதல் நேரம் மட்டும் இருந்தது. எழுத்தே பிடிபடாதவனுக்கு ஒரு மணி நேரம் கூடக் கொடுத்தால், கூட ஒரு மணி நேரம் அழுவான். வேண்டாம், முழுப் பரிசோதனை வேண்டும் என்று நின்றேன். நான்! பிரேயரில் திருக்குறள் சொல்ல உன்னைத் தள்ளிவிட்டு ஒளிந்தவள்.

இவர் அதற்குள் இணையத்தைக் குடைந்து ஒன்று கண்டுபிடித்தார். 2004-இல் இந்த மாநிலக் கல்வித்துறை 8.5 சதவீதம் என்று ஒரு கோடு போட்டதாம். அதற்கு மேல் மாணவர்களைச் சிறப்புக் கல்வியில் வைத்திருந்தால் அந்தப் பள்ளி மாவட்டத்துக்கு மாநில மதிப்பீட்டில் மதிப்பெண் குறையும். 2016-இல் ஹூஸ்டன் கிரானிக்கிள் பத்திரிகை அதை வெளியே கொண்டுவந்தது. 2018 ஜனவரியில் மத்தியக் கல்வித்துறை, சட்டத்தை மீறிவிட்டீர்கள் என்றது. அந்தக் கோட்டை எப்போதோ அழித்துவிட்டார்கள். 'கொஞ்சம் பொறுத்துப் பார்ப்போமே' என்கிற பேச்சு மட்டும் இன்னும் போகவில்லை என்று நினைக்கிறேன்.

பரிசோதித்த பெண்மணி கெட்டிக்காரி. அவன் தமிழ் எப்படி என்றுதான் முதலில் கேட்டார். கதையெல்லாம் சரளமாகச் சொல்லுவான், ஆனால் ஆச்சி 'கால், பால்' என்று சொல்லி அதே ஓசையில் இன்னொன்று கேட்டால் முழிப்பான் என்றேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார். ஒலியைப் பிரித்துக் கேட்பதில் இரண்டு மொழியிலும் சிரமம் என்றால், கோளாறு மொழியில் இல்லையாம். டிஸ்லெக்சியா, அதாவது எழுத்தையும் ஒலியையும் சேர்த்து வாசிப்பதில் வரும் சிரமம். தமிழை நிறுத்தச் சொல்ல எந்தக் காரணமும் இல்லை என்றார். அந்த இடத்தில் நான் அழுதுவிட்டேன். அவர் டிஷ்யூ பெட்டியைத் தள்ளினார், இவர் பார்க்கிங் லாட்டைப் பார்த்தார்.

இப்போது தினமும் தனி டீச்சர். தட்டில் மணலைப் பரப்பி, ஒலியைச் சொல்லிக்கொண்டே விரலால் எழுதுகிறான். உடனே 'நாம அப்பவே' என்று ஆரம்பிக்காதே. நமக்கு மணலில் சொல்லிக்கொடுத்தார்கள், வராதவனுக்கு முதுகிலும் சொல்லிக்கொடுத்தார்கள். கடைசி பெஞ்ச் முருகேசனுக்கு நாம் வைத்த பெயரை அன்றைக்கு ராத்திரி நினைத்துக்கொண்டேன். அவன் இப்போது எங்கே இருக்கிறான்?

இன்னொரு சங்கதி. வீட்டில் தமிழ் திரும்பிவிட்டது, அவன் வாயில் மட்டும் வரவில்லை. ஆச்சி தமிழில் கேட்டால் இங்கிலீஷில் பதில் சொல்கிறான். ஞாயிற்றுக்கிழமை காலையில் நீ கூப்பிடு, எங்களுக்குச் சனி ராத்திரி. கிணற்றில் வாளி விழுந்த கதையைச் சொல்லு, அவனுக்கு அது பிடிக்கும். படிப்பைப் பற்றி மட்டும் கேட்டுவிடாதே. உன் வாய் எனக்குத் தெரியும்.

உன்
சரசு